சரக்கு, தண்ணீர், ரசனை

நம் இலக்கிய வட்டத்தில் சில காலமாக ஒரு புதிய சாஸ்திரம் உருவாகி வருகிறது. விஸ்கியை எப்படிக் குடிப்பது என்ற சாஸ்திரம். அதன் சூத்திரங்கள் இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு மனப்பாடம். விஸ்கியைத் தனியாகக் குடிக்க வேண்டும். மிஞ்சிப் போனால் சில துளித் தண்ணீர். ஐஸ் போடுகிறவன் அரைகுறை. சோடா ஊற்றுகிறவன் குமாஸ்தா. கோலா ஊற்றுகிறவன் பாமரன். கவிதை வாசிப்பு முடிந்த இரவுகளில் இதைப் பிரசங்கமாகவே கேட்டிருக்கிறேன். கவிதையைப் பற்றிப் பேசும்போது வராத உறுதி நண்பர்களுக்கு இதில் வந்துவிடுகிறது.

இந்த சாஸ்திரம் போலி என்பது என் கட்சி. குடிக்காதவர்களும் மேலே படிக்கலாம். விஷயம் குடியைப் பற்றியது மட்டுமல்ல. ரசனை என்ற பெயரில் நாம் எதைச் செய்துகொண்டிருக்கிறோம் என்பதைப் பற்றியது.

முதலில் சாஸ்திரத்தை அதன் சொந்த ஊரிலேயே வைத்துப் பார்ப்போம். ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து எடுக்கும் விஸ்கியில் ஆல்கஹால் பெரும்பாலும் 60 சதவீதத்தை ஒட்டி இருக்கும். புட்டியில் அடைப்பதற்கு முன் தண்ணீர் விட்டு அதை 40 அல்லது 43க்குக் கொண்டுவருகிறார்கள். ஆக, தண்ணீர் கலக்காத தூய விஸ்கி என்று நண்பர் கையில் ஏந்தியிருப்பது மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை ஏற்கெனவே வாங்கிக்கொண்ட சரக்கு. தொழிற்சாலைக்காரன் ஊற்றினால் தூய்மை, நான் என் சொம்பிலிருந்து ஊற்றினால் கலப்படமா? அங்கே கலவை செய்வதையே தொழிலாகக் கொண்ட நிபுணர்கள் மாதிரிகளை 20 சதவீதம் அளவுக்குத் தண்ணீர் விட்டு இளக்கித்தான் முகர்ந்து பார்க்கிறார்கள். கடும் ஆல்கஹால் மூக்கை மரத்துப்போகச் செய்யும் என்பது அவர்களுக்குத் தெரியும். 2017இல் ஸ்வீடனைச் சேர்ந்த இரண்டு விஞ்ஞானிகள், விஸ்கியின் புகைமணத்துக்குக் காரணமான குவாயகால் என்ற பொருள், தண்ணீர் சேர்ந்து ஆல்கஹால் குறையும்போது திரவத்தின் மேற்பரப்புக்கு வருகிறது என்று கணினிக் கணக்கு மூலம் காட்டினார்கள். தண்ணீர் விஸ்கியைக் கெடுப்பதில்லை, பேச வைக்கிறது. நண்பர்களின் 'சில துளி'க்கு இந்த அளவில் நியாயம் உண்டு. ஆனால் அது சில துளிதான் என்று யார் விதித்தது?

தூய்மைக்கு வருவோம். விஸ்கி என்றால் என்ன என்ற கேள்விக்கு விஸ்கிக்காரர்களிடமே ஒரே பதில் இருந்ததில்லை. 1830இல் ஈனியஸ் காஃபி என்பவர் தொடர்ந்து வடிக்கும் கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். மலிவாக, ஏராளமாகத் தானியச் சாராயம் வந்தது. அதையும் பழைய மால்ட் விஸ்கியையும் கலந்து விற்றார்கள். இது விஸ்கியே அல்ல என்று மால்ட் கட்சி கூப்பாடு போட்டது. லண்டனில் வழக்கு நடந்து, ராயல் கமிஷன் உட்கார்ந்து, 1909இல் இரண்டும் விஸ்கிதான், கலந்ததும் விஸ்கிதான் என்று தீர்ப்பாகியது. உலகம் முழுவதும் போன ஸ்காட்ச் பெரும்பாலும் இந்தக் கலவைதான். பீப்பாயில் இத்தனை வருஷம் இருக்க வேண்டும் என்ற சட்டம்கூட முதல் உலக யுத்தத்தின்போது, 1915இல்தான் வந்தது. மரபு என்று நாம் கும்பிடுவது பெரும்பகுதி வியாபாரமும் வரியும் வழக்கும் செய்து கொடுத்த மரபு. இதில் தவறொன்றும் இல்லை. எல்லா மரபுகளும் இப்படித்தான் உண்டாகின்றன. ஆனால் அதை வேதமாக்கி மன்னார்குடியில் வந்து ஓதும்போதுதான் சிரிப்பு வருகிறது.

இன்னொரு சமாச்சாரம். ஸ்காட்லாந்துக்காரன் குளிருக்கு விஸ்கியில் வெந்நீரும் சர்க்கரையும் எலுமிச்சையும் சேர்த்துக் குடிக்கிறான். அதற்கு அவன் வைத்திருக்கும் பெயர் டாடி. அந்த வார்த்தை எங்கிருந்து போயிற்று? பனைக்கு ஹிந்தியில் தாட். அதன் கள்ளுக்குத் தாடி. இங்கே வந்த வெள்ளைக்காரன் வாயில் அது டாடியாகி, கப்பலேறி, ஸ்காட்லாந்தில் விஸ்கிக் கலவையின் பெயராக உட்கார்ந்துவிட்டது. விஸ்கியில் எதையும் கலக்கக் கூடாது என்று நண்பர் எந்த ஊரைச் சாட்சிக்கு அழைக்கிறாரோ, அந்த ஊர் சர்க்கரை கலந்து குடிக்கிறது. அந்தக் கலவைக்கு நம் கள்ளின் பெயரை வைத்திருக்கிறது. நம் ஊரிலோ கள் 1987இலிருந்து குற்றம். டெல்டாவின் வயல் வரப்பில் நிற்கும் பனையிலும் தென்னையிலும் கலயம் கட்டினால் போலீஸ் வரும். அதே டெல்டாவின் கடற்கரையோரம் காரைக்கால், புதுச்சேரிச் சட்டத்தின் கீழ் இருப்பதால், அங்கே கள்ளுக்கடை உண்டு. ஒரே காவிரி, ஒரே மண், ஒரே மரம். இறக்கிய அன்றே குடிக்க வேண்டியது, காலையில் ஒரு ருசி, மதியத்தில் ஒரு ருசி, மாலையில் புளிப்பேறி இன்னொன்று என்று மாறிக்கொண்டே போவது கள். நம் மண்ணில் நுணுக்கமான ருசி பேதத்துக்கு இடம் கொடுத்த பானம் அது ஒன்றுதான். அதைப் பற்றி நம் ரசனை சாஸ்திரிகள் ஒரு வரி எழுதியதில்லை. அதற்கு லேபிள் இல்லையே!

இனி நம் கையில் உள்ள புட்டிக்கு வருவோம். ஐரோப்பியச் சட்டப்படி விஸ்கி தானியத்திலிருந்து வடிக்கப்பட வேண்டும். மரப்பீப்பாயில் குறைந்தது மூன்று வருஷம் இருந்திருக்க வேண்டும். நம் கடையில் சாமானியன் வாங்கும் விஸ்கியில் பெரும்பாலானதற்கு இந்த இரண்டு தகுதியும் இல்லை. சர்க்கரை ஆலையில் சர்க்கரையை எடுத்தபின் மிஞ்சும் மொலாசஸைப் புளிக்க வைத்து, மணமோ குணமோ இல்லாத சாராயமாக வடித்து, வாசனை எசன்ஸும் காரமெல் நிறமும் சேர்த்து, 42.8 சதவீதத்துக்குத் தண்ணீர் விட்டு அடைக்கிறார்கள். சிலவற்றில் கொஞ்சம் மால்ட் சேர்க்கிறார்கள். ஐரோப்பாவில் மொலாசஸ் சரக்கை விஸ்கி என்ற பெயரில் விற்க முடியாது. பெங்களூரின் அம்ருத் பார்லி மால்ட்டில் செய்த விஸ்கியை 2004இல் கிளாஸ்கோவிலேயே கொண்டுபோய் வைத்தது உண்மை. இந்தியாவில் நல்ல விஸ்கி செய்ய முடியாது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பந்தலடியில் நின்று குவார்ட்டர் வாங்குகிறவன் கையில் வருவது அது அல்ல.

இந்தச் சரக்கில் சில துளித் தண்ணீர் விட்டு, கோப்பையைச் சுழற்றி, மூக்கை வைத்தால் எது வெளியே வரும்? எசன்ஸ் வரும். மறைந்திருக்கும் மணம் வெளிப்பட வேண்டுமானால் முதலில் மணம் மறைந்திருக்க வேண்டும். இதற்குக் கோலாவோ சோடாவோ ஊற்றிக் காரத்தை மழுக்கிக் குடிக்கிறவன் ரசனை கெட்டவன் அல்ல. தன் முன்னால் இருக்கும் பொருள் என்ன என்று சரியாகத் தெரிந்துகொண்டவன். அந்தச் சரக்கின் மீது எழுதப்பட்ட நேர்மையான விமர்சனம் அந்தக் கோலாதான்.

இதே நண்பர்கள் காலையில் குடிக்கும் காப்பியைப் பாருங்கள். பாதிக்குப் பாதி சிக்கரி. காப்பி 51 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் போதும் என்கிறது சட்டம். அதில் பாலும் சர்க்கரையும். காப்பிக் கொட்டையின் தனி மணம்தான் ரசனை என்று ஒருவன் வந்து சொன்னால் தஞ்சாவூர்க்காரன் அவனைத் திண்ணையை விட்டு இறக்கிவிடுவான். டிகிரி காப்பி ஒரு கலவை. கலவையாகவே அது ஒரு சாதனை. காப்பியில் கலவைக்குப் பெயர் கலாச்சாரம், சரக்கில் கலவைக்குப் பெயர் பாமரத்தனம் என்றால் தராசு நாக்கில் இல்லை, வேறெங்கோ இருக்கிறது. யார் குடிக்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

அதைத்தான் சொல்ல வந்தேன். சாஸ்திரம் பேசுவதற்கு முதலில் ஒரு நாற்காலி வேண்டும். கண்ணாடிக் கோப்பை, மின்விசிறி, மறுநாள் காலை பத்து மணி வரை தூக்கம், குடித்ததற்காக யாரும் கேவலமாகப் பார்க்காத வீடு, இவ்வளவும் வேண்டும். 1983இல் தொடங்கிய டாஸ்மாக்கின் கைக்கு 2003இல் சில்லறைக் கடைகள் முழுவதும் வந்தன. குடிப்பவனிடமிருந்து அரசாங்கம் வருமானத்தை வாங்கிக்கொள்கிறது. உட்கார ஒரு கௌரவமான இடம் கொடுக்க மறுக்கிறது. கம்பி அடித்த ஜன்னலுக்குள் கையை விட்டு வாங்க வேண்டும். நெடுஞ்சாலைகளில் மதுக்கடை கூடாது என்ற சுப்ரீம் கோர்ட்டின் 2016 டிசம்பர் தீர்ப்புக்குப் பிறகு கடைகள் ஊருக்குள்ளும் வயல்வெளிக்கும் நகர்ந்தன. பல இடங்களில் பெண்கள் திரண்டு வந்து மறித்தார்கள். அவர்கள் மறித்ததில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நடவுக்குப் போய்க் கிடைத்த கூலியில் பாதி எந்த ஜன்னலுக்குள் போகிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

இந்தச் சூழலில் குடிக்கிறவன் எப்படிக் குடிப்பான்? பாமணி ஆற்றங்கரையில் நின்றபடி, யாராவது பார்ப்பதற்குள், மூன்றே மடக்கில். அவன் அவசரத்தை ரசனையின்மை என்று எழுதுகிறவன் அவன் நிற்கிற இடத்தைப் பார்க்கவில்லை. ஆனால் அந்த அவசரத்துக்குள்ளும் ஒரு ஒழுங்கு உண்டு. 'கட்டிங்' என்பதைப் பார்த்திருக்கிறீர்களா? முழுக் குவார்ட்டருக்குக் காசில்லாத ஒருவன் கடை வாசலில் நின்று, அதேபோல் காசில்லாத இன்னொருவனைக் கண்ணாலேயே கண்டுபிடிக்கிறான். 180 மில்லியை ஆளுக்குத் தொண்ணூறாக, அளவுகோல் இல்லாமல், இரண்டு டம்ளரையும் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்துச் சரிபாதியாக ஊற்றுகிறார்கள். பெயர் கேட்பதில்லை. அந்த நேரத்துக்குச் சாதியும் கேட்பதில்லை. நம் கிளப்புகளில் எத்தனை விஸ்கி ஊற்றினாலும் இந்தக் கவனம் வராது.

உடனே எதிர்க்கட்சி எழுந்து கை தட்டும். இவர்களையும் எனக்குத் தெரியும். விளிம்பு, உழைப்பின் வியர்வை, குடியின் விடுதலை என்று கவிதை எழுதுகிறவர்கள். கட்டிங்கை உடனே ஒரு படிமமாக்கிவிடுவார்கள். அவர்களுக்கும் என் பதில் ஒன்றே: புட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். மெத்தனால். அதை ஆல்கஹாலிலிருந்து நாக்கால் பிரித்தறிய முடியாது. எந்த ரசனையும் அங்கே உதவாது. எந்த விடுதலையும் அங்கே இல்லை. செத்தவன் குடித்ததைப் படிமமாக்குகிறவனும் ஸ்காட்ச் சாஸ்திரம் பேசுகிறவனும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். இருவரும் சரக்கைப் பார்ப்பதில்லை. ஒருவன் லேபிளைப் பார்க்கிறான். மற்றவன் குடிக்கிறவனின் முகத்தில் தன் கவிதையைப் பார்க்கிறான்.

தமிழன் குடிக்கு வைத்திருக்கும் இரண்டு பெயர்களைக் கவனியுங்கள். ஒன்று தண்ணி. மற்றது சரக்கு. ருசியைச் சொல்லும் வார்த்தை இரண்டிலும் இல்லை. ஒன்று மறைத்துச் சொல்வது. மற்றொன்று கடைக்காரன் பாஷை. கள்ளைப் பற்றி ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முன்பே தேறல், நறவு, தோப்பி என்று பிரித்துப் பெயரிட்ட மொழி இது. அந்தப் பெயர்கள் போன இடம் எது என்று கேட்பது விமர்சகனின் வேலை. அவற்றுக்குப் பதிலாக ஸ்காட்லாந்தின் அகராதியைக் கடன் வாங்கி மொலாசஸ் மீது ஒட்டுவது அவன் வேலை அல்ல.

இதை ஏன் ஒரு இலக்கியப் பத்திரிகையில் எழுதுகிறேன்? நம் விமர்சனமும் இப்படித்தான் வடிக்கப்படுகிறது என்பதால். கையில் உள்ளது உள்ளூர்ச் சக்கை. அதில் பாரிஸிலிருந்து ஒரு எசன்ஸ், கொஞ்சம் நிறம், மேலே ஒரு வெளிநாட்டுப் பெயர். பிறகு அதை எப்படிச் சுழற்றி எப்படி முகர வேண்டும் என்று பத்துப் பக்கம். பீப்பாயில் மூன்று வருஷம் இருக்கும் பொறுமை யாருக்கும் இல்லை. சரக்கு எதிலிருந்து வடிக்கப்பட்டது என்று கேட்டால், ரசனை இல்லாதவன் என்ற பட்டம்.

அந்தப் பட்டத்தை வாங்கிக்கொள்ளத் தயாராகவே இருக்கிறேன். நல்ல மால்ட் கிடைத்தால் தண்ணீர் விட்டுக் குடிக்கிறேன். நண்பர்கள் அனுமதிக்கும் துளிகளைவிடக் கூடுதலாகவே விடுகிறேன். மற்றதற்குக் கோலி சோடா இருக்கிறது. எப்படிக் குடிப்பது என்பது இரண்டாவது கேள்வி. என்ன இது, எதிலிருந்து வந்தது, யாருடைய காசில் வந்தது என்பது முதல் கேள்வி. முதல் கேள்வியைக் கேட்காமல் இரண்டாவதற்குப் பதில் சொல்கிறவர்களுடன் கவிதையைப் பற்றியும் பேச எனக்கு ஒன்றும் இல்லை.