கேட்காமலே வழங்கப்பட்ட தீர்ப்புகள்

கோவிலம்பாக்கத்தில், மேடவாக்கம் பிரதான சாலையை ஒட்டி, நான் வழக்கமாகச் செல்லும் தேநீர்க்கடை ஒன்று உண்டு. 2025 மார்ச் 8ஆம் நாள் இளையராஜாவின் 'வேலியன்ட்' சிம்பொனி லண்டனில் அரங்கேறியது. மறுநாள் ஞாயிறு காலை அந்தக் கடையில் இருவர் கடுமையாக வாதிட்டுக்கொண்டிருந்தனர். "உலகத்துல எவனும் செய்யாததைச் செஞ்சிட்டாருங்க" என்றார் ஒருவர். "எண்பதுகளோட அவர் கதை முடிஞ்சுதுங்க, இதெல்லாம் விளம்பரம்" என்றார் மற்றவர். "நீங்கள் இருவரும் அதைக் கேட்டீர்களா?" என்றேன். இருவரும் ஒருசேரச் சிரித்தனர். "லண்டன் போயா சார் கேக்க முடியும்?"

தமிழ்ச் சூழலில் இசை விமர்சனம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை அறிய அந்தச் சிரிப்பு ஒன்றே போதும். மூத்த கலைஞன் ஒருவன் தன் பிற்காலத்தில் ஒரு படைப்பைத் தந்தால், நம்மிடம் தயாராக இருப்பவை இரண்டே: மாலை, அல்லது கல். இரண்டையும் எறிவதற்குக் காது தேவையில்லை என்பதுதான் இவற்றின் வசதி.

இது நமக்கு மட்டுமே உரிய நோய் என்று சொல்லமாட்டேன். இளையராஜா பிறந்த அதே 1943இல்தான் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் மிக் ஜாகரும் கீத் ரிச்சர்ட்ஸும் பிறந்தார்கள். 2005இல் அக்குழு 'எ பிக்கர் பேங்' என்ற தொகுப்பை வெளியிட்டது. சொந்தப் பாடல்களால் ஆன அடுத்த தொகுப்பான 'ஹாக்னி டயமண்ட்ஸ்' வர 2023 ஆயிற்று. ஸ்டோன்ஸின் புதிய தொகுப்பு ஒவ்வொன்றையும் 1978இல் வந்த 'சம் கேர்ள்ஸ்' தொகுப்போடு ஒப்பிட்டு, "அதற்குப் பிறகு இதுவே சிறந்தது" என்று எழுதும் வழக்கம் அங்கே கேலிக்குரிய தேய்வழக்காகிவிட்டது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அந்தத் தேய்வழக்கை எழுதுபவரும் அடுத்த பத்தியில் கித்தார் எப்படி ஒலிக்கிறது, எண்பது வயதுக் குரல் எந்த இடத்தில் தாங்குகிறது, 2021இல் மறைந்த சார்லி வாட்ஸ் முன்பே வாசித்துவைத்த டிரம்ஸ் இரு பாடல்களில் என்ன செய்கிறது என்று எழுதியாக வேண்டும். நம்மிடம் அந்த அடுத்த பத்தி எழுதப்படுவதே இல்லை.

அதே 2005இல்தான் 'திருவாசகம்' ஒலித்தகடு வெளிவந்தது. இளையராஜாவுக்கு அப்போது வயது 62. திருவாசகத்தின் ஐம்பத்தொரு பகுதிகளிலிருந்து தேர்ந்த வரிகளுக்கு ஆறு பாடல்களாக இசையமைத்திருந்தார். புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு வாசித்தது. ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ் ஆங்கில வரிகளை எழுதினார். அதைச் சுற்றி எழுந்த சர்ச்சைகளை அன்று தமிழில் வாசித்துக்கொண்டிருந்த எவரும் மறந்திருக்கமாட்டார்கள்.

அந்தச் சர்ச்சைகள் எவற்றைப் பற்றியவை? முதலாவது, "இது சிம்பொனியா?" என்ற கேள்வி. சரியான கேள்விதான். பெரிதும் கருவியிசைக்கென எழுதப்படும் வடிவம் சிம்பொனி. தனிக்குரல்களும் சேர்ந்திசைக்குழுவும் சமயப் பனுவல் ஒன்றைப் பாடும் வடிவத்துக்கு ஒராட்டோரியோ என்று வேறு பெயர் இருக்கிறது. 'திருவாசகம்' இந்த இரண்டாம் வகைக்கே நெருக்கமானது. 1993இல் லண்டனின் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவோடு அவர் பதிவுசெய்த சிம்பொனி வெளிவராமலே போனதால், பன்னிரண்டு ஆண்டுக் காத்திருப்பின் பாரம் முழுவதும் இந்த ஒலித்தகட்டின் அட்டைமீது விழுந்தது. அதுவரை புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் பெயர்ப்பலகை தவறு என்று நிறுவியதோடு நம் விமர்சகர்கள் வீடு திரும்பிவிட்டார்கள். கதவைத் திறந்து உள்ளே சென்றவர்கள் எத்தனை பேர்?

இரண்டாவது, தயாரிப்பு பற்றியது. கத்தோலிக்கப் பாதிரியார் ஒருவர் தலைமையேற்ற தமிழ் மையம் சைவத் திருமுறையை ஏன் வெளியிட வேண்டும் என்று சிலர் ஐயுற்றனர். திருவாசகத்தை முழுமையாக ஆங்கிலத்தில் பெயர்த்து 1900இல் வெளியிட்ட ஜி. யு. போப்பும் பாதிரியாரே என்பது அவர்களுக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை.

மூன்றாவது, மரபு. ஓதுவார்கள் மோகனத்தில் பாடிவரும் பனுவலுக்கு மேற்கத்திய இசைக்குழு எதற்கு என்றனர். தமிழ் கற்பிப்பவன் என்ற முறையில் இங்கேதான் எனக்குச் சினம் மிகுகிறது. மாணிக்கவாசகர் செய்தது என்ன? அம்மானை, சாழல், உந்தி, தோணோக்கம், ஊசல் எனப் பெண்கள் ஆடியும் பாடியும் வந்த வடிவங்களை எடுத்துப் பக்தியின் உச்சிக்குக் கொண்டுபோனார். வாசனைப்பொடி இடிக்கும் உலக்கைப் பாட்டுதான் திருப்பொற்சுண்ணம். வேற்று வடிவத்தை வாரியெடுத்துத் தன்வயமாக்குவது அந்த நூலின் இயல்பு. ஆகவே கேட்கப்பட வேண்டிய கேள்வி, "கலக்கலாமா?" என்பதன்று, "கலந்தது ஒன்றாயிற்றா?" என்பதே. அதைக் கேட்க, ஆறு பாடல்களையும் பொறுமையாகக் கேட்டாக வேண்டும்.

கேட்டவன் என்ற முறையில் என் விடையைச் சொல்கிறேன். சில இடங்களில் ஒன்றாகவில்லை. சிவபுராண வரிகளைக் கொண்ட ஏறக்குறைய இருபது நிமிடப் பாடலில் ஆங்கில வரிகள் வந்து சேரும்போதெல்லாம் தையல் தெரிகிறது. மூலம் கரைந்து உருகும் இடத்தில் ஆங்கிலம் நின்று விளக்கம் சொல்கிறது. ஆனால் அதே பாடலில், தன்னைத் தானே இழித்துக்கொண்டு இறைவன்முன் நிற்கும் வரிகளை இளையராஜா தம் குரலில் பாடுகிறார். மெருகேற்றிய குரல் அன்று அது; மூப்பு ஏறிய குரல். பயிற்சி மிக்க இளம் பாடகர் ஒருவர் பாடியிருந்தால் சுருதி இன்னும் சுத்தமாக இருந்திருக்கலாம். அந்தக் கூசலும் தளர்வும் கிடைத்திரா. பிற்காலப் படைப்பு ஒன்றால் மட்டுமே தர முடிந்தது இது. 1985ஆம் ஆண்டின் இளையராஜாவைத் தேடி வந்தவர் காதில் இது குறையாகவே விழும்.

இவ்வளவு சொல்லிவிட்டு என் குற்றத்தை மறைப்பது அறமாகாது. 2005இல் முதுகலை முடித்த சூடு தணியாத இருபதுகளில் இருந்தேன். நண்பர்கள் கூடிய அறையில் முதல் பாடலைப் பாதியில் நிறுத்தி, "இது சிம்பொனியே இல்லை" என்று அறிவித்தேன். கைதட்டல் கிடைத்தது. அந்தக் கைதட்டலின் போதையில் மீதியை நான் கேட்கவே இல்லை. கேட்க எனக்கு ஒன்பது ஆண்டுகள் ஆயின. வகுப்பில் திருப்பொற்சுண்ணம் நடத்த வேண்டியிருந்தது. அந்தப் பகுதியின் பாடலை, இசையமைத்தவர் பெயரைச் சொல்லாமல், மாணவர்களுக்கு ஒலிக்கவிட்டேன். பின்வரிசையில் இருந்த ஒரு பெண், "ஐயா, இது வேலை செய்றவங்க பாட்டு" என்றாள். உரையாசிரியர்களைக் காட்டி ஒரு மணி நேரம் நான் விளக்க நினைத்ததை அவள் சில நிமிடங்களில் காதால் கண்டுகொண்டாள். அன்று எனக்கு ஏற்பட்ட வெட்கம் இன்னும் முழுமையாகத் தீரவில்லை.

இருபதாண்டு கழித்து 'வேலியன்ட்' வந்தபோது, கல்லெறிந்தவர்களைவிட மாலையிட்டவர்களே என்னை அதிகம் வருத்தினார்கள். ஒரு சுரமும் ஒலிப்பதற்கு முன்பே வாழ்த்துரைகள் முடிந்திருந்தன. "தமிழனின் வெற்றி" என்றோம். 81 வயதில் ஒருவர் நான்கு சுவர்களுக்குள் அமர்ந்து, எத்தனையோ கருவிகளுக்குத் தனித்தனியே குறிப்பெழுதியது எதற்காக? நாம் பெருமைப்படுவதற்காகவா? யாரேனும் ஒருவர் அதைக் கேட்டு, "இந்த இடம் எழுந்தது, இந்த இடம் விழுந்தது" என்று சொல்வதற்காக இருக்கக்கூடாதா? வணக்கமும் வசையும் கலைஞனுக்கு ஒரே செய்தியைத்தான் அனுப்புகின்றன: உன்னைப் பற்றி எங்களுக்கு எல்லாம் தெரியும், நீ புதிதாகச் சொல்ல எதுவுமில்லை.

இளமையில் ஒருவர் நமக்குத் தந்த பாடல்களோடு நம் சொந்த இளமையும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவரது பிற்காலப் படைப்பில் நாம் தேடுவது பெரும்பாலும் அந்த இளமையையே. அது கிடைக்காத கோபத்தை இசையின் தலையில் கட்டுகிறோம். இழந்ததை அவர் திருப்பித் தரவேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது.

அந்தத் தேநீர்க்கடை நண்பர்கள் இருவருக்கும் பின்னொரு நாள் 'திருவாசகம்' ஒலிப்பதிவைக் கைப்பேசியில் அனுப்பினேன். ஒருவர் இன்னும் கேட்கவில்லை. "எண்பதுகளோட முடிஞ்சுது" என்றவர் மட்டும் ஒரு வாரம் கழித்து வந்தார். "அந்த இங்கிலீஷ் எனக்குப் புடிக்கல சார். ஆனா அவர் குரல்ல ஏதோ இருக்கு, ரெண்டு தடவ கேட்டேன்" என்றார்.

நான் எதிர்பார்த்திருந்த விமர்சனம் அதுதான்.