அரிய நோயும் அரிதாகிய அறமும்

மானிடர்க்கு வரும் பிணிகள் 4448 எனத் தொகை கூறுவது சித்த மருத்துவ மரபு. இக்கால மருத்துவமோ அரிய நோய்கள் என வகுத்தவற்றை மட்டுமே ஆறாயிரத்துக்கு மேலாக எண்ணுகின்றது. பதினாயிரம் பேரில் ஐவருக்கு மேற்படாது காணப்படும் நோயை அரிய நோய் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் வரையறை. தனித்தனியே நோக்கின் அவை அரியன. ஒருங்கு சேர்த்து நோக்கின், அவற்றால் வருந்துவோர் உலகெங்கும் முப்பது கோடிக்கு மேற்பட்டோர் என மதிப்பிடப்பட்டுள்ளது. எனவே ‘அரிது’ என்பது மருத்துவ நூலோர் கையாளும் ஓர் அளவுச் சொல்லே. அதனைத் தன் கடமையினின்று நழுவுதற்குரிய சாட்டாக்கிக்கொண்டது சமூகத்தின் பிழை. யாழ்ப்பாணச் சமூகமும் இப்பிழையினின்று நீங்கியதன்று.

முதற் சாட்டு வினை என்பது. காரணம் விளங்காத நோயுடன் ஒரு குழந்தை பிறந்துவிட்டால், முற்பிறப்பிற் செய்த வினை என்று கூறி அயலார் அமைதியுறுகின்றனர். ஆறுதல் போலத் தோன்றும் இக்கூற்று உண்மையில் ஒரு தீர்ப்பாகும். துன்புறுவோனைக் குற்றவாளியாக்கும் தீர்ப்பு. ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரே மருந்துக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார் என்பதும், நோயின் முதலை நாடுமாறு அங்கே பணித்தார் என்பதும் வினைவாதிகளுக்கு நினைவில் வருவதில்லை. வில்சன் நோய் எனப்படுவதை எடுத்துக்கொள்க. உடலினின்று வெளியேற வேண்டிய செம்பு ஈரலிலும் மூளையிலும் படிய, கை நடுங்கும், பேச்சுக் குழறும், மனநிலை திரியும். பேய்க்குறி எனக் கருதிப் பார்வை பார்த்தும் நூல் கட்டியும் கழிப்புக் கழித்தும் நாட்கள் கழியுமாயின், அந்நாட்களில் ஈரலும் மூளையும் அழியும். செம்பை வெளியேற்றும் பெனிசிலமைன் என்னும் மருந்து இந்நோய்க்குப் பயன்படும் என்று ஜோன் வால்ஷ் 1956இல் அறிவித்துவிட்டார். உரிய காலத்தில் மருந்து தொடங்கப்பெற்றோர் நெடுங்காலம் நலமுடன் வாழ இயலும். அவ்வாறாயின் அழிவுக்குப் பொறுப்பு முற்பிறப்பா, இப்பிறப்பின் அறியாமையா?

இரண்டாஞ் சாட்டு குலக்குற்றம் என்பது. பெரும்பாலான அரிய நோய்கள் பரம்பரையலகுகளின் கோளாற்றால் விளைவன. இவ்வுண்மையின் ஒரு பாதியை மட்டும் கேட்டறிந்த சமூகம், அதனைக் கலியாணப் பேச்சுக்காலில் எடைக்கல்லாக்கிவிட்டது. தங்கைக்கு மாப்பிள்ளை அமையாது போகுமென்று தமையனை உள்ளறையில் மறைக்கும் வீடுகள் உள்ளன. மறைக்கப்பட்டவன் மருத்துவரையும் பாடசாலையையும் ஒருங்கே இழக்கின்றான். பழி பெரும்பாலும் தாயின் தலையிலேயே விழுகின்றது. உண்மையின் மறுபாதி யாது? பின்னிடைவான பரம்பரையலகால் வரும் நோயிற் பெற்றோர் இருவரும் அவ்வலகைச் சமமாகவே காவுகின்றனர், அவர்கள் நோயற்றவர்கள், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. டுச்சென் தசைநலிவு நோயில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு, தாயிடமிருந்து வாராது புதிதாய்த் தோன்றிய விகாரத்தின் விளைவு. குறுகிய கைகால்களுடன் பிறக்கும் அக்கொண்ட்ரோபிளாசியா உடையோரில் ஐந்தில் நால்வர் சராசரி உயரமுடைய பெற்றோரின் மக்கள். இங்கே குலம் எங்கே, குற்றம் எங்கே?

இதனாற் சொந்தத்துள் மணப்பது தீங்கற்றது என்று கொள்ளலாகாது. மச்சான் மச்சாள் மணமுடிக்கையில் இருவரும் ஒரே பின்னிடைவான அலகைக் காவும் வாய்ப்புக் கூடுகின்றது. அல்கப்ரனூரியா என்னும் அரிய நோயை ஆராய்ந்த ஆர்ச்சிபால்ட் கரொட், நோயாளரின் பெற்றோரிற் பலர் ஒன்றுவிட்ட சகோதரராயிருந்தமையை 1902இலேயே சுட்டிக்காட்டினார். ஆயினும் பெரும்பாலான சொந்த மணங்களிற் பிறக்கும் குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றன. வேண்டப்படுவது அச்சமுமன்று, மறைப்புமன்று. மணத்துக்கு முன்னரே இரு வீட்டாரும் கேட்டறியத்தக்க தெளிவான ஆலோசனை. சாதகப் பொருத்தத்துக்குச் செலவிடப்படும் கவனத்திற் பத்திலொரு பங்கு இதற்குப் போதும். காணி வெளியே போகக்கூடாதென்று கணக்குப் பார்க்கும் குடும்பத்துக்கு இக்கணக்குப் பெரும் பாரமாகாது.

மூன்றாஞ் சாட்டு எண்ணிக்கை பற்றியது, கற்றோர் கூறுவது. வறிய நாடு பலரைத் தாக்கும் நோய்க்குச் செலவிடுவதா, சிலரைத் தாக்கும் நோய்க்குச் செலவிடுவதா என அவர்கள் வினவுவர். வினாவே பிழைபட்டது. அரிய நோய் அனைத்தும் பெருஞ்செலவினவல்ல. பிறவித் தைரொயிட் குறைபாட்டைக் குழந்தையின் குதியிற் பெறும் சில துளிக் குருதியால் அறியலாம்; நாடோறும் ஒரு மலிவான மாத்திரை மூளைவளர்ச்சிக் குறைவைத் தடுக்கும். பெருஞ்செலவு வேண்டும் நோய்களும் உள என்பது மெய்யே. ஆனால், இலவச மருத்துவத்தின் அறம் ஆளின் தேவையை நோக்குவதேயன்றித் தலையெண்ணிக்கையை நோக்குவதன்று. மேலும், சிலரின் நோயை ஆராய்ந்த அறிவு பலரின் உயிரைக் காத்துள்ளது. பிறவியிலேயே குருதியிற் கொலஸ்ரரோல் மிக்கிருந்த அரிய நோயாளரின் கலங்களை 1970களில் ஆராய்ந்தே பிரவுண், கோல்ட்ஸ்ரைன் என்போர் அக்கொழுப்பைக் குருதியினின்று அகற்றும் வாங்கியைக் கண்டறிந்து, 1985இல் நோபெல் பரிசு பெற்றனர். மாரடைப்பைத் தடுக்க இன்று கோடிக்கணக்கானோர் உட்கொள்ளும் ஸ்ரற்றின் மாத்திரை எவ்வாறு தொழிற்படுகின்றது என்பது அதனாலேயே விளங்கிற்று. பலர் சிலருக்குக் கடன்பட்டுள்ளனர்.

இம்மூன்று சாட்டுகளும் நிலைத்து நிற்பதற்கு ஒரு காரணம் உண்டு. அது மொழி பற்றியது. எனவே பல்கலைக்கழகத்தின் பொறுப்பிலுள்ளது. சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர் 1847இல் இலங்கைக்கு வந்து, மானிப்பாயிலிருந்து தமிழிலே மருத்துவம் கற்பித்தார். 1867இல் ‘இரணவைத்தியம்’ வெளிவந்தது. உடலியல், இரசாயனம் முதலிய துறைகளுக்கும் தமிழ் நூல்கள் செய்தார். அந்நிய நாட்டார் ஒருவர் அன்று இயலும் எனக் காட்டியதை, 1978இல் மருத்துவபீடம் கண்ட இம்மண் இன்று இயலாதென்கின்றது. பரம்பரையலகு, நிறமூர்த்தம், விகாரம், நொதியம் என்ற சொற்களை உயர்தர வகுப்பு மாணவன் தமிழிலேயே கற்கின்றான். அவனே மருத்துவனாகி வெளிவரும்போது அச்சொற்களை வாயிலில் விட்டுவிட்டு வருகின்றான். தாயின் கையிற் கொடுக்கப்படும் நோய் நிர்ணய அட்டை ஆங்கிலத்தில் உள்ளது. மருத்துவன் உலக ஆய்வேடுகளைக் கற்க ஆங்கிலம் வேண்டும் என்பது உண்மையே. தன் பிள்ளைக்கு நேர்ந்தது யாதென்று தாய் அறிவதற்கும் ஆங்கிலம் வேண்டுமென்று எந்த நியாயம் கூறும்? பெயரில்லாத நோய்க்கு ஊர் தானே பெயர் சூட்டும். அப்பெயர் பெரும்பாலும் வசையாகவே இருக்கும்.

தமிழ்ச் சங்கங்களும் இப்பழிக்குப் புறம்பானவை அல்ல. கண்ணகியா மாதவியா எனப் பட்டிமண்டபம் நடாத்தப் பொழுதுள்ளோருக்கு, குருதியுறையா நோயுள்ள சிறுவனுக்கு அடிபட்டால் வீட்டார் முதலிற் செய்யத்தக்கது யாது என்று நாலு பக்கத்திற் தெளிதமிழில் எழுதப் பொழுதில்லை. மொழியின் தொன்மையைப் பேசுதல் எளிது. துன்புறுவோர்க்கு அம்மொழியைப் பயன்படச் செய்தலே தொண்டு.

செய்யத்தக்கவை பல அல்ல. மருத்துவபீடமும் தமிழ்த்துறையும் ஒருங்கமர்ந்து நோய்தோறும் சிறு கைந்நூல் ஆக்குக. நோய் நிர்ணய அட்டையுடன் தமிழ் விளக்கம் ஒன்றும் வழங்கப்படுக. அரிய நோயாளரின் பதிவேடு இரகசியம் காத்துப் பேணப்படுக. ஒரே நோயுடைய குடும்பங்கள் விரும்பின் ஒன்றையொன்று அறிய அது வழிசெய்யும். நோயாளி, மருத்துவன், மருந்து ஆகியவற்றுடன் அருகிருந்து பேணுவோரையும் சேர்த்து மருத்துவத்தை நான்கு கூறாக்கினார் வள்ளுவர். அந்நான்காம் கூறாகிய பேணுவோர்க்கு அறிவூட்டாத கல்வி, எத்துணைப் பட்டம் வழங்கினும் அரைக் கல்வியே. நோய் அரிதாயிருத்தல் இயற்கை. இரக்கமும் விளக்கமும் அரிதாயிருத்தல் கற்றோர் செய்த குறை.