சூதாட்ட விடுதிக்கும் நஷ்டம் உண்டு

தலைநகர் வாழும் நம்மவர், ஊரிலிருந்து விருந்தினர் வந்தால் ஆக்ராவுக்கு அழைத்துச் சென்று தாஜ்மகாலைக் காட்டத் தவறுவதில்லை. அப்பெயரையே தாங்கி, அமெரிக்காவின் அட்லாண்டிக் நகரில், டொனால்டு டிரம்ப் 1990 ஏப்ரலில் ஒரு சூதாட்ட விடுதியைத் திறந்தார்.

அமெரிக்க விடுதிகளில் சுழலும் எண் சக்கரத்தில் 38 அறைகள் உண்டு. எண் பலித்தவருக்குக் கிடைக்கும் லாபமோ பந்தயப் பணத்தின் 35 மடங்கே. ஆகவே, பந்தயமாக விழும் ஒவ்வொரு நூறு டாலரிலும் சராசரியாக ஐந்துக்குச் சற்று மேல் விடுதிக்கே சேரும். அத்தகைய வியாபாரம் 1991-லேயே கடனைத் தீர்க்க இயலாது நீதிமன்றத்தின் பாதுகாப்பை நாடிற்று.

காரணம் சக்கரத்தில் இல்லை. கடன் பத்திரத்தில் இருந்தது. 67.5 கோடி டாலரை 14 சதவிகித வட்டிக்கு வாங்கியிருந்தனர். வட்டி மட்டும் நாளொன்றுக்கு இரண்டரை லட்சம் டாலருக்கு மேல்! அதே ஊரில் அவருக்கே வேறு இரு விடுதிகளும் இருந்தமையால், வருவோரும் பிரிந்தனர். நூற்றுக்கு ஐந்து என்பது ஆட ஆள் வரும் நாளில்தான். வட்டிக்கோ விடுமுறை இல்லை. பிற்பாடு கைமாறிய அவ்விடுதி 2016 அக்டோபரில் மூடப்பட்டது.

வள்ளுவர் ஓர் அதிகாரம் வகுத்துக் கடிந்தது சூதாடுவோரை. ஆட்டுவிப்போருக்கு உரிய பாடம் இதுவே.

நம் குடும்பங்களில் ஏலச்சீட்டுக் கட்டுவோர் பலர். சீட்டு நடத்துபவருக்குக் கமிஷன் நிச்சயம். ஆதலால் அவர் நொடிக்கமாட்டார் என்று நம்புகிறோம். அவர் பெறும் கமிஷனைக் கேட்பதோடு, அவர் பட்டுள்ள கடனையும் விசாரித்த பின்னரே பணம் கட்டுவோமாக.