ஓமந்தூரார் யார், தம்பி?

2024 அக்டோபர் 27. விழுப்புரம்-திண்டிவனம் ரோட்டில் எங்கே பார்த்தாலும் வாலிபர் கூட்டம்! விக்கிரவாண்டி பக்கம் வி.சாலையில் நடிகர் விஜய் கட்சியின் முதல் மாநாடு.

"சினிமாக்காரரைப் பார்க்க இப்படியா ஓடுவது?" என்று பெருசுகள் தலையில் அடித்துக்கொண்டார்கள். நல்ல வேடிக்கை! எம்.ஜி.ஆர். வேன் எப்போது வரும் என்று ராத்திரி முழுக்க ரோட்டோரம் கிடந்தவர்கள் யாராம்? 2011-ல் ரிஷிவந்தியத்தில் விஜயகாந்தை ஜெயிக்க வைத்ததும் (அப்போது அது விழுப்புரம் மாவட்டம்) இந்தப் பெருசுகள்தானே!

ஆனாலும் அன்றைய ஜனங்களுக்கு ஒரு நிதானம் இருந்தது. விழுப்புரத்தில் பிறந்த சிவாஜி 1988-ல் கட்சி தொடங்கினார். 1989-ல் திருவையாறில் தோற்றார். கைதட்டல் வேறு, ஓட்டு வேறு என்று காட்டிவிட்டார்கள்.

கட்-அவுட் இல்லாமலே கோட்டைக்குப் போனவரும் இந்தப் பக்கத்து ஆள்தான். திண்டிவனம் அருகே ஓமந்தூர் விவசாயி, ராமசாமி ரெட்டியார். 1947 முதல் 1949 வரை சென்னை மாகாண பிரதமர். தாழ்த்தப்பட்டோருக்குக் கோயில் கதவைத் திறந்த சட்டமும், தேவதாசி முறையை ஒழித்த சட்டமும் அவர் ஆட்சியில் வந்தவை. சிபாரிசு என்று வந்தால் சொந்தக் கட்சிக்காரருக்கும் மசியமாட்டார். அவர்களுக்கே பிடிக்காமல் போயிற்று. நாற்காலியை விட்டு இறங்கினார். பிறகு வடலூர், வள்ளலார் தொண்டு.

இன்றைக்குப் பையன்களிடம் ஓமந்தூரார் யார் என்றால், "மெட்ராஸ்ல பெரிய ஆஸ்பத்திரி சார்" என்கிறான்கள். சிரிப்பதா, அழுவதா? பைக் வாங்கிக் கொடுத்த அப்பாக்கள் இதையும் சொல்லிக் கொடுத்திருக்கலாம்.