வாயிலில் வரவேற்பு, உள்ளே தடுப்புச் சுவரா?

அனைவரும் வருக என்று அழைக்கிறது கிறித்தவம். அன்பே ஆண்டவன் என்கிறது. அழகான சொற்கள், அவற்றை நாம் ஏளனம் செய்யவில்லை. ஆனால், அழைப்பின் அருமையை வாயிலில் நின்று அளப்பது பேதைமை. வந்தவனை எங்கே அமர வைத்தார்கள், யாரோடு உண்ண வைத்தார்கள், மாண்ட பின் எங்கே புதைத்தார்கள் என்பதே அளவுகோல்! அந்தக் கோலைக் கையிலெடுத்து, நம் மண்ணிலிருந்தே அளக்கத் தொடங்குவோம், தோழர்களே!

நமது புதுக்கடைக்குச் சற்றுத் தொலைவிலுள்ள நட்டாலத்தில் 1712இல் பிறந்தவர் நீலகண்ட பிள்ளை. திருவிதாங்கூர் அரசின் அலுவலர். 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். உயர்ந்த சாதி என்று சொல்லப்பட்டதில் பிறந்தும், எல்லாச் சாதியாரோடும் சமமாகப் பழகினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. சிறையும் சித்திரவதையும் பரிசாயின. 1752 சனவரி 14இல் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அவர் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில் அடுத்த நூற்றாண்டில் எழுந்தது என்ன? ஒரே பீடத்தை நோக்கி இரண்டு நீண்ட கூடங்கள்! ஒன்றில் வேளாளர், மற்றொன்றில் நாடாரும் ஏனையோரும், இடையே தடுப்பு! கோயிலின் வடிவத்தைக் கண்டவர்கள் ‘கால்சட்டைக் கோயில்’ என்றே பெயர் சூட்டினர். 1910இல் தடுப்பு தகர்க்கப்பட்டது. தலைகுனிந்தார்களா சாதிமான்கள்? இல்லை, நீதிமன்றப் படியேறினார்கள்! பிரிந்திருப்பது எங்கள் உரிமை என வழக்காடினார்கள், தோற்றார்கள். சுவர் வீழ்ந்தது, சுவரைக் கட்டிய மனம் வீழ்ந்ததா?

“பழைய கதை, மெல்ல மெல்ல மாறும்” என்பார்கள் சாந்தசீலர்கள். எவ்வளவு மெல்ல? 2008இல் விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் தாழ்த்தப்பட்ட கிறித்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள். ஏன்? பொதுப் பங்கில் அவர்களுடைய பிணத்துக்குக்கூடப் பாதை பொதுவாக இல்லை! கேட்டதற்குக் கிடைத்தது அடி, உதை. போலீசார் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர்கள் போயின. திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை 2016இல் இந்திய ஆயர்களே தமது கொள்கை ஆவணத்தில் ஒப்புக்கொண்டனர். நாம் சுமத்தும் பழியல்ல, அவர்களே தந்த வாக்குமூலம்!

மாற்றம் முடியாத காரியமா? முடியும் என்பதற்கும் வரலாறு உண்டு. 1850இல் சென்னையில் கூடிய சீர்திருத்தச் சபை மிஷனரிகள், தாழ்த்தப்பட்டவர் சமைத்த உணவை உண்டு சாதியை முறித்துக் காட்டாதவருக்குத் திருமுழுக்கு இல்லை என்றனர். முதலில் பந்தி, பிறகுதான் தீர்த்தம்! நமது தென் திருவிதாங்கூரில் மார்பை மறைக்கும் உரிமைக்காக நாடார் பெண்கள் அடிபட்டுப் போராடியபோது மிஷனரிகள் துணை நின்றனர்; 1859இல் அரசு பணிந்தது. அந்தப் பெருமையை மறுப்பவன் பகுத்தறிவாளன் அல்லன். அன்று தோள்சீலைக்கு நீண்ட கை, இன்று கல்லறைச் சுவருக்கு நீளாதது ஏன் என்று கேட்காதவனும் பகுத்தறிவாளன் அல்லன்!

சனாதனிகள் கைகொட்டிச் சிரிக்க வேண்டாம். அந்தச் சுவருக்குக் கல் உங்கள் மனுவின் சூளையில் வெந்தது. மதம் மாறியவன் மூட்டை கட்டிக்கொண்டு போனது நீங்கள் கொடுத்த நஞ்சை!

இன்னொரு வேடிக்கை பாருங்கள். 1950இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணையின்படி, கிறித்தவரான ஆதிதிராவிடருக்குத் தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் இன்றளவும் இடமில்லை. கிறித்தவத்தில் சாதி இல்லை என்கிறது சட்டம். இருக்கிறது என்கிறது கல்லறை. இரண்டுக்கும் நடுவே நசுங்குகிறவன் ஏழை!

2022 மே 15இல் உரோமையில் தேவசகாயம் புனிதராக அறிவிக்கப்பட்டார். அவர் பெயரின் வாலாக ஒட்டியிருந்த ‘பிள்ளை’ நீக்கப்பட்டது. நல்ல காரியம், பாராட்டுவோம்! ஆனால், மறைந்தவர் பெயரிலிருந்து சாதியை நீக்கியது எளிது. உயிரோடிருப்போர் திருமணத்திலிருந்து, பந்தியிலிருந்து, பங்கு நிர்வாகத்திலிருந்து அதை நீக்குவதன்றோ வீரம்!

இளைஞர்களே, அன்பைப் பேசுவோரிடம் வேதத்தில் எந்த வசனம் என்று கேட்டு நிற்காதீர்கள். கல்லறைத் தோட்டத்தின் சாவி யாரிடம் என்று கேளுங்கள். உள்ளே இருக்கும் சுவரை இடிக்கட்டும். பிறகு வாயிலில் வரவேற்புப் பலகையே வேண்டாம்!