ஜீன் மருந்து வரும்வரை காத்திருக்க வேண்டாம்!

“கேன்சருக்கு ஜீன் வாயையே அடைக்கிற மருந்து வந்திருச்சாமே, டாக்டரய்யா?” விருதுநகர்ப் பக்கம் படித்த வீட்டுக்காரர்கள் இப்போது அடிக்கடி கேட்கிறார்கள். சேதி பொய்யில்லை, ஆனால் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறது.

சிவகாசி காலண்டர் அச்சகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பிளேட்டைத் தொடாமல், மெஷினில் இருந்து விழுகிற தாளை மட்டும் கிழித்துக்கொண்டே இருந்தால் ஒரு காலண்டரும் கடைக்குப் போகாது, இல்லையா? செல்லுக்குள் மரபணுதான் பிளேட். அதிலிருந்து வரும் நகலைச் சின்ன ஆர்.என்.ஏ. துண்டுகளால் வெட்டிப்போடுவதே இந்த வைத்தியம். ஆர்.என்.ஏ.வால் மரபணுவை அடக்கலாம் என்று 1998-ல் ஒரு சின்னப் புழுவில் காட்டிய ஆண்ட்ரூ ஃபயர், கிரெய்க் மெல்லோ இருவருக்கும் 2006-ல் நோபல் பரிசு கிடைத்தது.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு இது பொருத்தமான ஆயுதம்தான். அதற்குக் காரணமான ஹெச்.பி.வி. வைரஸ், இ-6, இ-7 என்ற இரண்டு மரபணுக்களை வைத்துத்தான் செல்லின் காவலை உடைக்கிறது. அவற்றை அடக்கினால் ஆய்வுக்கூடத் தட்டில் புற்று செல்கள் சாகின்றன. ஆனால் உடம்பு தட்டு இல்லையே! ரத்தத்தில் இந்தத் துண்டுகள் சிதைந்துவிடும், சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும், மிச்சம் பெரும்பாலும் ஈரலுக்குப் போய்விடும். 2018-ல் தொடங்கி அனுமதி பெற்ற இவ்வகை மருந்துகள் ஈரலைக் குறிவைப்பவை. புற்றுநோய்க்கென்று ஒன்றுகூட இன்னும் அனுமதி பெறவில்லை.

“மஞ்சளும் ஜீனை அடக்குமாமே?” என்பார்கள். பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்தவன் சொல்கிறேன், அதுவும் தட்டோடு நிற்கிற சேதிதான். அதைக் காட்டிப் புற்றுக்கு லேகியம் விற்பவர் எங்கள் ஆளாகவே இருந்தாலும், ஒரு கும்பிடு போட்டுவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

எனக்கு ஆதங்கமெல்லாம் கையில் இருப்பதை விட்டுவிடுகிறோமே என்பதுதான். திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-ல் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. வினிகரில் இருக்கிற அதே அசிடிக் அமிலத்தை நீர்த்த அளவில் கர்ப்பப்பை வாயில் தடவி, ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்ப்பார்கள். வெளுத்துத் தெரிகிற இடத்தைச் சோதித்து, தேவைப்பட்டால் சிகிச்சை. செய்தவர்கள் பயிற்சி பெற்ற நர்ஸுகள். பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட பெண்களிடம் இந்தப் புற்றால் மரணம் 35 சதவீதம் குறைவு என்று 2007-ல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. நோபல் பரிசு வாங்காத வினிகர்!

வெள்ளைப்படுதல் என்று வருபவருக்கு வெண்பூசணி லேகியம் கொடுக்க எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது. ஆனால் வயது 30 தாண்டியிருந்தால், “முதல்ல பரிசோதனைச் சீட்டோட வா தாயி” என்று அனுப்பிவிடுவேன். முகம் சுளிப்பார்கள். பட்டாசு ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ் போகிறவருக்கு ஒருநாள் கூலி போகும். வசதியான வீட்டுப் பெண்களுக்கோ கூச்சம். அது கூலியைவிடப் பெரிய தடை.

உறவுக்குப் பின் ரத்தம், மாதவிலக்கு நின்றபின் ரத்தம் என்றால் நாள் பார்க்காதீர்கள், உடனே போங்கள். தொந்தரவு எதுவும் இல்லாதவர்கள் மாதவிலக்கு இல்லாத ஒரு நாளில் அரசு மருத்துவமனைக்குப் போகலாம், காசு கிடையாது. தீபாவளி முடிந்து ஆபீஸ் அடைத்திருக்கும் வாரங்களில் உங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்களேன்.