பத்தரை மணிப் பசி

தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. சாலை ஓரம் காலை ஏழு மணிக்கு ஒரு பத்து நிமிடம் நின்று பாருங்கள். வேன்களிலும் ஷேர் ஆட்டோக்களிலும் நெருக்கியடித்துக்கொண்டு பிஞ்சுக் குழந்தைகள் போய்க்கொண்டிருப்பார்கள். முடிச்சூர், பெருங்களத்தூர், சேலையூர், பம்மல் எனப் பல பக்கங்களிலிருந்தும் வருகிறவர்கள். எட்டரை மணிப் பள்ளிக்கூடத்துக்கு ஏழு மணிக்கே கிளம்பினால்தான் வாகன நெரிசலைத் தாண்ட முடியும். அதற்கு முன்பே மதரஸாவுக்கும் போய் வந்த பிள்ளைகள் அவர்களில் உண்டு.

அந்தப் பிள்ளைகள் என்ன சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள்? கடையை அடைத்துவிட்டு வாப்பா வீடு திரும்ப இரவு பதினொன்று ஆகிறது. வீடே நள்ளிரவில்தான் தூங்குகிறது. காலையில் பிள்ளையை எழுப்பிக் குளிப்பாட்டுவதற்குள் வேன்காரர் ஹார்ன் அடித்துவிடுகிறார். அரை டம்ளர் டீ, அதில் நனைத்த ஒரு பொறை. அவ்வளவுதான் காலை உணவு!

இடைவேளை மணி அடிப்பதோ பத்தரை மணிக்கு மேல். பத்தே நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தில் பிள்ளையின் கையில் இருப்பது என்ன என்பதுதான் இந்தத் தலையங்கத்தின் கேள்வி.

இது என்ன பெரிய விஷயம், தலையங்கம் எழுதும் அளவுக்கு என்று சிலர் கேட்கலாம். பெரிய விஷயம்தான் சகோதரர்களே! சிறு பிள்ளையின் வயிறு சிறியது. பெரியவர்களைப்போல் ஒரே வேளையில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஆறு மணி நேரம் தாக்குப்பிடிக்க அதனால் முடியாது. கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை சாப்பிட்டாக வேண்டும். பத்தரை மணிக்குப் பசித்திருக்கும் பிள்ளைக்குக் கரும்பலகை தெரியும், பாடம் ஏறாது. 2019-21ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை. அந்தக் கணக்கில் நம் வீட்டுப் பிள்ளைகளும் அடக்கம். இந்த நிலையில் காலை டீ வேறு! உணவிலுள்ள இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் தடுப்பது டீ என்று மருத்துவர்கள் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

பசித்த பிள்ளை படிக்காது என்பதை இந்த மண் எப்போதோ புரிந்துகொண்டது. 1920ல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவு கொடுக்கத் தீர்மானம் போட்டது. 1950களில் காமராஜர் மதிய உணவைக் கொண்டுவந்தார். 1982ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 2022 செப்டம்பரில் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு தொடங்கியது. 2025 ஆகஸ்டில் நகர்ப்புறத்து அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் அது விரிவாக்கப்பட்டது.

ஆனால் இத்தனை திட்டங்களுக்கும் வெளியே நிற்கும் ஒரு கூட்டம் உண்டு. அது கட்டணம் கட்டிப் படிக்கும் பிள்ளைகளின் கூட்டம். 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பாருங்கள். அங்கன்வாடியில் இருக்கும் மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைக்குக் காலைச் சிற்றுணவும் சூடான சமைத்த உணவும் தரவேண்டும், இரண்டும் சேர்ந்து 500 கலோரியும் 12 முதல் 15 கிராம் புரதமும் இருக்கவேண்டும் என்று 2013ல் வந்தபோதே அது அளவோடு சொன்னது. அதே நான்கு வயதுப் பிள்ளையை எல்.கே.ஜி.யில் சேர்த்து ஷூவும் டையும் மாட்டிவிட்டால் அந்தக் காலைச் சிற்றுணவு என்ன ஆகிறது? ஏழைப் பிள்ளைக்குச் சட்டம் உறுதி செய்த ஒரு கைப்பிடி உணவை, பணம் கட்டும் தந்தையின் பிள்ளை இழக்கிறது. தென்சென்னைப் புறநகரில் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் இந்தத் தனியார் பள்ளிகளில் இருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

அந்த இடத்தை நிரப்புவது யார்? ஐந்து ரூபாய் பாக்கெட்! கடை வாசலில் சரம் சரமாய்த் தொங்குகிறதே, அதுதான். உப்பு, எண்ணெய், மாவு, கூடவே காற்று. இல்லையென்றால் க்ரீம் பிஸ்கட், கலர் மிட்டாய், சர்க்கரைத் தண்ணீர். பஞ்சுமிட்டாயில் துணிக்குப் போடும் ரோடமின்-பி சாயம் கலந்திருப்பது கண்டறியப்பட்டு, 2024 பிப்ரவரியில் தமிழக அரசு அதற்குத் தடை போட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். பள்ளிகளில் சர்க்கரை அளவை விளக்கும் பலகை வைக்கவேண்டும் என்று 2025ல் சி.பி.எஸ்.இ. உத்தரவிட்டது. அதற்கும் முன்பே, 2020ல், உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒரு விதி கொண்டுவந்தது. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்கூட கேன்டீனிலும், பள்ளிக்கூடத்தைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் பிள்ளைகளுக்கு விற்கக்கூடாது, அங்கே விளம்பரமும் செய்யக்கூடாது என்பது அந்த விதி.

வியாபாரப் பெருமக்களே, இங்கேதான் உங்களிடம் மனம் விட்டுப் பேச வேண்டியிருக்கிறது. அந்த 50 மீட்டருக்குள் இருக்கும் பெட்டிக்கடைகளிலும் மளிகைக் கடைகளிலும் பேக்கரிகளிலும் நம்முடையவை இல்லையா? ஒரே ஒரு கேள்வி. உங்கள் கடைச் சரத்தில் தொங்குவதை உங்கள் பிள்ளைக்கு அன்றாடம் பிய்த்துக் கொடுப்பீர்களா? மாட்டீர்கள். "அது நமக்கு வேணாம்பா" என்று கையைத் தட்டிவிடுவீர்கள். தன் பிள்ளைக்கு வேண்டாததை அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு விற்பது என்ன நியாயம்?

உங்கள் சிரமமும் எங்களுக்குத் தெரியும். பாக்கெட் கெடாது. கம்பெனிக்காரர் தேடிவந்து போடுகிறார், ஸ்டாண்டும் கொடுக்கிறார். சுண்டல் மீந்தால் சாயங்காலம் கொட்டத்தான் வேண்டும். இது உண்மை. ஆனால் முன்கூட்டியே எண்ணிக்கை தெரிந்துவிட்டால் மீதம் ஏன் வரப்போகிறது?

கணக்குப் போட்டுப் பாருங்கள். சத்துணவில் சுண்டல் நாளன்று ஒரு பிள்ளைக்கு 20 கிராம் பயறு என்பது அளவு. அதே அளவில் 200 பிள்ளைகளுக்கு 4 கிலோ கறுப்புக் கொண்டைக்கடலை போதும். கிலோ நூறு ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் 400 ரூபாய். ஒரு பிள்ளைக்கு 2 ரூபாய்! கேஸ், எண்ணெய், கூலி எல்லாம் சேர்த்து இன்னொரு 2 ரூபாய் போனாலும், 5 ரூபாய் பொட்டலத்தில் ஒரு ரூபாய் மிஞ்சுகிறது. அந்த 20 கிராம் கடலையில் ஏறக்குறைய 4 கிராம் புரதம் உண்டு. தொடக்கப் பள்ளிப் பிள்ளையின் மதிய உணவுக்கு 2013ல் சட்டம் வைத்த 12 கிராமில் மூன்றில் ஒரு பங்கு! பாக்கெட்டில் இது கிடைக்குமா? தேங்காய்ப்பூ சேர்க்காமல் தாளித்தால் சீக்கிரம் கெடவும் கெடாது.

ஒருநாள் சுண்டல், ஒருநாள் வாழைப்பழம், ஒருநாள் எள்ளுருண்டை, ஒருநாள் அவித்த முட்டை, ஒருநாள் கடலை மிட்டாய் என்று மாற்றிக்கொண்டே போகலாம். ஒன்றில் மட்டும் கவனம் தேவை. ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு முழு வேர்க்கடலை, முழுக் கொண்டைக்கடலை வேண்டாம், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். மசித்தோ பொடித்து உருண்டை பிடித்தோ கொடுங்கள். வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளை வகுப்பாசிரியர் தெரிந்து வைத்திருப்பதும் அவசியம்.

அதிகாரிகளிடமும் ஒன்றைச் சொல்லவேண்டும். 50 மீட்டர் விதியை வைத்துக்கொண்டு மாங்காய்ப் பத்தை விற்கும் அம்மாவின் கூடையையும் தள்ளுவண்டிக்காரரையும் விரட்டுவது அமலாக்கம் ஆகாது. அந்த விதி பள்ளிக்கூட கேன்டீனுக்கும் உண்டு, பெரிய கம்பெனியின் விளம்பரப் பலகைக்கும் உண்டு. எளியவரைப் பிடித்து வலியவரை விட்டுவிடும் சட்டம் யாருக்கும் பயன்படாது. தாம்பரமும் பல்லாவரமும் பம்மலும் அனகாபுத்தூரும் செம்பாக்கமும் இன்ன பிற பேரூர்களும் சேர்ந்து 2021 நவம்பரில் ஒரே மாநகராட்சி ஆயின. அந்த மாநகராட்சியும் மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறையும் சேர்ந்து, பள்ளிக்கூட வாயிலில் நல்ல பண்டம் விற்க முன்வருகிறவர்களுக்கு இடமும் பயிற்சியும் குடிநீர் வசதியும் தரட்டும். முதலில் வழியைக் காட்டுங்கள், அபராதத்தைப் பிறகு போடலாம்.

நம் சமுதாயம் நடத்தும் பள்ளிக்கூடங்களின் தாளாளர்களே! கட்டடம் எழுப்பினீர்கள், கம்ப்யூட்டர் வாங்கினீர்கள், மகிழ்ச்சி. கேன்டீனில் என்ன விற்கிறது என்று கடைசியாக எப்போது போய்ப் பார்த்தீர்கள்? பத்து நிமிட இடைவேளையைக் கால் மணி நேரமாக்குங்கள். பிள்ளை கைகழுவிச் சாப்பிட்டுத் தண்ணீர் குடிக்க அந்த நேரம் வேண்டும். வாரத்துக்கான எண்ணிக்கையை முன்கூட்டியே பக்கத்துக் கடைக்காரரிடம் கொடுங்கள். கட்ட முடியாத பெற்றோரின் பிள்ளைக்குரிய ஐந்து ரூபாயை வசதியுள்ளவர் ஏற்றுக்கொள்ளட்டும், யார் பிள்ளைக்கு யார் கொடுத்தார் என்பது வெளியே தெரியாமல்!

இளைஞர்களே! இரத்ததான முகாமுக்கு ஓடுகிறீர்கள், மழைவெள்ளத்தில் படகு தள்ளுகிறீர்கள். இதற்கு அவ்வளவு பாடு வேண்டாம். உங்கள் தெருவிலுள்ள பள்ளிக்கூடம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தாளாளரை ஒருநாள் பாருங்கள், வாயிலில் இருக்கும் கடைக்காரரை ஒருநாள் பாருங்கள், இருவரையும் ஒருநாள் உட்காரவைத்துப் பேசுங்கள். மூன்று நாள் வேலைதான்.

அரசுக்கு மனு கொடுப்பது இருக்கட்டும், அதையும் கொடுப்போம். ஆனால் இந்தப் பத்தரை மணிப் பசியைத் தீர்க்க அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நான்கு கிலோ கடலையை இன்று இரவே ஊறவைக்கலாம். ஊறவைக்கப்போவது யார்?